ஹாம்லெட் ஏன் தயங்கினான் என்று கேட்காதீர்கள்

கேள்வி கேட்டவர் ஓர் ஆசிரியர். பதினாறு, பதினேழு வயது மாணவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நடத்த வேண்டும். ஆவி வரும் காட்சிவரை நிமிர்ந்து உட்காருகிறார்கள். இரண்டாம் அங்கம் தொடங்கியதும் கொட்டாவி. “அப்பாவைக் கொன்றவன் யார் என்று தெரிந்துவிட்டது. போய்க் கொல்ல வேண்டியதுதானே? எதற்கு இத்தனை பேச்சு?” என்று கேட்கிறார்களாம். இதற்கு என்ன பதில் சொல்வது என்கிறார்.

நானும் இதே கேள்வியில் தடுக்கி விழுந்தவன்தான். முதன்முதலில் இந்த நாடகத்தை நடத்தியபோது, முதல் நாளே கரும்பலகையில் “ஹாம்லெட்டின் குறை: தயக்கம்” என்று பெரிதாக எழுதிவிட்டேன். அதன்பின் ஐந்து அங்கங்களிலும் அந்த ஒரு சொல்லுக்குச் சான்று பொறுக்குவதே வேலையாகிப்போனது. மாணவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள், நாடகத்தை யாரும் படிக்கவில்லை. விடையை முதலில் கொடுத்துவிட்டால் கணக்கை யார் போடுவார்கள்?

உங்கள் மாணவரின் கேள்வியிலேயே வழி இருக்கிறது. “தெரிந்துவிட்டது” என்கிறார் பாருங்கள், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாருக்குத் தெரிந்துவிட்டது? எப்படித் தெரிந்தது? நள்ளிரவில் ஓர் உருவம் வந்து, தன்னைத் தந்தை என்று சொல்லிக்கொண்டு, “தோட்டத்தில் உறங்கும்போது என் தம்பி என் காதில் நஞ்சு ஊற்றினான்” என்கிறது. இதைக் கேட்டது ஒரே ஒருவன், டென்மார்க் இளவரசன் ஹாம்லெட். அவனும் தந்தை இறந்த துயரத்தில் இருப்பவன், சித்தப்பாவை முன்பே வெறுப்பவன். இந்தச் சாட்சியத்தை நம்பி ஓர் அரசனைக் கொல்லலாமா என்று வகுப்பைக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் வகுப்பு இரண்டாகப் பிளந்து நிற்கும்.

என் அனுபவத்தில் இந்த நாடகத்தைத் திறக்கும் சாவி சான்று. இங்கே ஒரு தமிழ் ஒப்பீடு கைகொடுக்கும். கண்ணகி பாண்டியன் அவைக்குப் போகும்போது அவள் கையில் ஒரு சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்தாள், அவையே பார்த்தது, “யானோ அரசன் யானே கள்வன்” என்று மன்னன் அங்கேயே விழுந்தான். ஹாம்லெட்டிடம் உடைத்துக் காட்ட எதுவும் இல்லை. அதைவிடக் கொடுமை, இப்போது அரசனாக இருக்கும் சித்தப்பா கிளாடியஸும் “யானே கள்வன்” என்று சொல்லத்தான் செய்கிறான். ஆனால் தனியறையில், யார் காதிலும் விழாதபோது சொல்கிறான்.

இந்தச் சிக்கல் பழைய கதையில் இல்லை. டென்மார்க்கின் சாக்ஸோ கிராமாட்டிகஸ் 1200-ஐ ஒட்டி லத்தீனில் எழுதிய வரலாற்றில் அம்லெத் என்ற இளவரசன் வருகிறான். அவன் தந்தையைச் சித்தப்பா ஃபெங் கொன்றது ஊருக்கே தெரியும். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து அரசியைக் காப்பாற்றவே கொன்றதாக ஃபெங் நியாயமும் சொல்லிக்கொள்கிறான். அம்லெத் உயிர் பிழைக்கப் பைத்தியமாக நடிக்கிறான், சமயம் பார்த்து அவையோரைக் குடிக்க வைத்து மாளிகைக்குத் தீ வைக்கிறான், ஃபெங்கைக் கொன்று தானே அரசனாகிறான். உங்கள் மாணவர்கள் கேட்கும் கதை இதுதான்! லண்டன் மேடைக்கு வந்த வழியில் கொலை ரகசியமாகிவிட்டது. அந்த ஒரு மாற்றத்தால் கதையின் எலும்புக்கூடே மாறிவிட்டது. இரண்டு சுருக்கங்களையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்து, “என்ன மாறியிருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பழிவாங்கும் நாடகம் என்ற வகையைப் பற்றி ஒரு வகுப்பு போதும், அதற்கு மேல் வேண்டாம். தாமஸ் கிட் எழுதிய ‘ஸ்பானியத் துன்பியல்’ 1580-களின் பிற்பகுதியில் மேடையேறிப் பெரும் வெற்றி பெற்றது. ஆவி, பைத்தியம், நாடகத்துக்குள் நாடகம், கடைசியில் மேடையெங்கும் பிணம் என எல்லாம் அதிலேயே இருக்கிறது. அங்கே மகனைப் பறிகொடுத்த தந்தை பழிவாங்குகிறான். அந்த ஹிரோனிமோவுக்கு ரத்தத்தால் எழுதிய ஒரு கடிதம் கிடைக்கிறது. அவனும் உடனே நம்பிவிடவில்லை. கொலைகாரர்களின் கையாள் எழுதிய இன்னொரு கடிதம் வந்து சேர்ந்த பிறகே சந்தேகம் தீருகிறது. சான்று தேடுவது இந்த வகை நாடகத்தின் பழைய வழக்கம், அது ஹாம்லெட்டின் மனநோய் அல்ல என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

இன்னொரு சுவையான செய்தியும் சொல்லுங்கள். இப்போது நம் கையில் இல்லாத பழைய ஹாம்லெட் நாடகம் ஒன்று இருந்தது. அதில் “ஹாம்லெட், பழிவாங்கு!” என்று ஆவி கத்துவதை, சிப்பி விற்பவளின் கூவலோடு ஒப்பிட்டு 1596-லேயே தாமஸ் லாட்ஜ் என்ற எழுத்தாளர் கேலி செய்திருக்கிறார். அதாவது ஷேக்ஸ்பியர் 1600 வாக்கில் எழுத உட்கார்ந்தபோது இந்த ஆவி ஏற்கெனவே பழங்கஞ்சி. பார்த்துச் சலித்த பார்வையாளர்கள்தான் எதிரே நின்றார்கள். உங்கள் மாணவர்களும் அப்படித்தான். பழிவாங்கும் கதைகளைத் திரையில் நூறு பார்த்தவர்கள். அந்தக் கதைகளின் விதிகளை முதல் வகுப்பில் அவர்களையே எழுதச் சொல்லி, சுவரில் ஒட்டி வையுங்கள். எந்த விதி எந்தக் காட்சியில் உடைகிறது என்று வாரா வாரம் அடித்துக்கொண்டே போகலாம்.

முதல் காட்சியை உட்கார்ந்து படிக்காதீர்கள். விளக்கை அணையுங்கள். ஒரு மாணவன் காவல் நிற்கட்டும், இன்னொருவன் கதவைத் திறந்து வரட்டும். நாடகத்தின் முதல் சொல் “யார் அங்கே?” என்பது. அதைக் கேட்பவன் யார்? காவல் நிற்கும் பிரான்சிஸ்கோ கேட்டிருக்க வேண்டும். ஆனால் பணி மாற்ற வரும் பெர்னார்டோ கேட்கிறான். “நீ எனக்குப் பதில் சொல், நில்” என்று காவல்காரன் திருப்பிக் கேட்கிறான். முறை தலைகீழாக இருப்பதை நடிப்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். ஷேக்ஸ்பியர் காலத்துக் குளோப் அரங்கில் நாடகம் நடந்தது பட்டப்பகலில் என்பதையும் அப்போது சொல்லுங்கள். இருட்டு முழுவதையும் சொற்களால்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

அடுத்து, சுவரில் ஒரு பெரிய அட்டவணை மாட்டுங்கள். மேலே பாத்திரங்களின் பெயர்கள், இடப்பக்கம் காட்சிகள், கடைசிக் கட்டத்தில் ‘பார்வையாளர்’. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அதில் யாருக்கு எது தெரியும், யார் எதைச் சந்தேகிக்கிறார்கள், யாரிடம் யார் எதைச் சொன்னார்கள் என்று பென்சிலால் நிரப்ப வேண்டும். பென்சில் என்பது முக்கியம், அழிக்க வேண்டியிருக்கும். ஹாம்லெட்டின் தாயும் இப்போது கிளாடியஸின் மனைவியுமான கெர்ட்ரூட்டின் கட்டத்தில் நடக்கும் சண்டை ஒன்றே இந்த அட்டவணைக்குச் செலவிட்ட நேரத்துக்கு ஈடாகும். மூன்றாம் அங்கத்தில் “அரசனைக் கொன்றதைப் போல” என்று மகன் சொல்லும்போது, “அரசனைக் கொன்றதா!” என்று அவள் திகைப்பது நடிப்பா, உண்மையா? 1603-இல் வந்த முதல் குவார்ட்டோ (தாளை நான்காக மடித்து அச்சிட்ட சிறு நூல்) பதிப்பில் அந்தக் கொலை தனக்குத் தெரியவே தெரியாது என்று அவள் சத்தியம் செய்கிறாள். பிந்தைய பதிப்புகளில் அந்தச் சத்தியம் இல்லை.

பதிப்புகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1603, 1604–05, 1623 என்று மூன்று அச்சு வடிவங்கள் இருக்கின்றன, மூன்றும் ஒன்றல்ல. முதல் பதிப்பு இரண்டாவதில் ஏறக்குறையப் பாதிதான். அதில் அரசனின் ஆலோசகர் பொலோனியஸின் பெயர் கோராம்பிஸ், புகழ்பெற்ற தனிமொழி “இருப்பதா, இல்லாதொழிவதா, ஆம், அதுதான் விஷயம்” என்று போகிறது. அந்தப் பதிப்பின் இரண்டே பிரதிகள் எஞ்சியிருக்கின்றன. ஒன்றில் முகப்புத் தாள் இல்லை, மற்றதில் கடைசித் தாள் இல்லை. எது எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் இரண்டு தனிமொழிகளையும் கொடுத்து, எதை மேடையேற்றுவீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். முதலாவதைத் தேர்ந்தெடுக்கும் ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். அவர்கள் சொல்லும் காரணங்கள் மோசமானவை அல்ல. பாடநூல் வானத்திலிருந்து விழவில்லை என்று புரிந்தால் மாணவர்களின் பயம் பாதி போய்விடும்.

முழு நாடகம் ஏறத்தாழ நாலாயிரம் வரிகள். ஒரு வரி விடாமல் எடுத்த கென்னத் பிரானாவின் 1996-ஆம் ஆண்டுத் திரைப்படம் நான்கு மணி நேரம் ஓடுகிறது. எனவே வெட்டுங்கள், கூச்சப்படாதீர்கள். தூதர்கள் வந்து போவது, லண்டன் சிறுவர் நாடகக் குழுக்களைப் பற்றிய பேச்சு, அரசவைக்காரன் ஆஸ்ரிக்கின் அலங்காரப் பேச்சில் பாதி எல்லாம் போகலாம். ஆனால் பலரும் முதலில் வெட்டும் ரெய்னால்டோ காட்சியை நான் வெட்டுவதில்லை. பாரிசில் இருக்கும் மகன் லேயர்ட்டீஸ் என்ன செய்கிறான் என்று பார்த்துவர, பொலோனியஸ் வேலைக்காரன் ரெய்னால்டோவை ஒற்றனாக அனுப்புகிறார். அவனைப் பற்றிப் பொய்யான அவதூறுகளைப் பரப்பிப் பார், பொய்த் தூண்டிலில் உண்மை மீன் சிக்கும் என்று பாடமும் எடுக்கிறார். தங்கள் தொலைபேசியைப் பெற்றோர் துருவிப் பார்க்கும் வயதில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சிக்கு உரை தேவையில்லை. சான்றைத் தேடும் நாடகத்தில் சான்று தேடும் கேவலமான வழி எது என்பதும் இங்கேதான் தெரிகிறது.

மொழி கடினம் என்கிறீர்கள். உண்மைதான். காட்சியின் கதையைத் தொடங்கும் முன்பே நான்கு வரியில் சொல்லிவிடுங்கள், அடுத்து என்ன என்ற ஆர்வத்தால் ஓடும் நாடகம் அல்ல இது. பின்னர் பத்துப் பதினைந்து வரிகளை மட்டும் எடுத்து நன்றாக உழுங்கள். நம் மொழி பேசும் மாணவர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. அக்கால ஆங்கிலத்தில் ஒருமைக்கும் மரியாதைக்கும் தனித்தனி முன்னிலைச் சொற்கள் இருந்தன. இன்றைய ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு காதில் விழாது. தாயின் அறையில் நடக்கும் காட்சியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். “ஹாம்லெட், நீ உன் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டாய்” என்கிறாள் தாய். “அம்மா, நீங்கள் என் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டீர்கள்” என்கிறான் மகன். இந்த ‘நீங்கள்’ மரியாதையா, கத்தியா? அடுத்த வரியில் தாயும் ‘நீ’யை விட்டு ‘நீங்கள்’ என்று மாறுகிறாள். வீட்டில் கோபம் வந்தால் திடீரென்று ‘வாங்க, போங்க’ என்று பேசுவது எப்படிச் சுடும் என்று தெரிந்தவர்களுக்கு இது போதும்.

“இருப்பதா, இல்லாதொழிவதா” என்ற தனிமொழிக்கு வரும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, அதில் ‘நான்’ என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. ‘நாம்’ இருக்கிறது, ‘யார் பொறுப்பார்’ இருக்கிறது, ‘நான்’ இல்லை. அரசனும் பொலோனியஸும் மறைந்திருக்க, பொலோனியஸின் மகள் ஒஃபீலியா அருகிலேயே இருக்க அவன் பேசுகிறான் என்பதையும் மேடையில் ஆட்களை நிறுத்திக் காட்டுங்கள். தனிமொழி எவ்வளவு தனிமையானது என்ற சந்தேகம் தானாக எழும். தந்தையின் ஆவியைக் கண்ணால் பார்த்தவன், இறந்தவர் எவரும் திரும்புவதில்லை என்று சொல்வதையும் யாராவது ஒருவர் பிடிப்பார்.

இரண்டாவது, இது தற்கொலையைப் பற்றிப் பேசும் நாடகம் என்பதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பகுதிகள் எந்த வாரத்தில் வரும், யாருக்காவது மனம் கனத்தால் பள்ளியில் யாரிடம் பேசலாம் என்று சொல்லுங்கள். “உன் வாழ்க்கையை வைத்து இந்தத் தனிமொழியைத் திருப்பி எழுது” என்ற பயிற்சியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் பலர் கொடுக்கிறார்கள், நானும் ஒருமுறை கொடுத்தேன். வந்து சேர்ந்த தாள்களில் ஒன்றைப் படித்துவிட்டு அன்று இரவு நான் உறங்கவில்லை. அந்த மாணவருக்கு உதவி கிடைத்தது, ஆனால் அது என் சாமர்த்தியத்தால் அல்ல. ஒஃபீலியாவின் சாவை கெர்ட்ரூட் பூக்களும் நீரோடையுமாக அழகாக வருணிப்பதை நடத்தும்போதும், உடனே அடுத்த காட்சியில் குழிவெட்டிகள் அதைப் பற்றி மண்வெட்டியோடு பேசுவதைச் சேர்த்தே நடத்துங்கள். நாடகமே அந்த அழகை அப்படியே விட்டுவைக்கவில்லை.

எலிப்பொறி நாடகம்தான் வகுப்பின் திருவிழா. ஹாம்லெட் தன் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க ஒரு கொலை நாடகம் ஏற்பாடு செய்கிறான். வகுப்பில் பாதிப் பேரை அரசவையினராக உட்கார வையுங்கள். ஆவியும் தெரியாது, நஞ்சும் தெரியாது, கண்முன் நடப்பது மட்டுமே தெரியும் என்பது விதி. நாடகத்தில் நஞ்சூற்றுபவனான லூசியானஸை ஹாம்லெட் எப்படி அறிமுகப்படுத்துகிறான்? அரசனின் தம்பி என்றா? இல்லை, அரசனின் உடன்பிறந்தவர் மகன் (nephew) என்கிறான். ஹாம்லெட்டும் கிளாடியஸுக்கு அதே உறவுதான். அவையோர் கண்ணில் இது என்ன? அரசனின் அண்ணன் மகனான ஹாம்லெட், அதே உறவுக்காரன் ஒருவன் அரசனைக் கொல்லும் நாடகத்தைப் போட்டு, நடுநடுவே கத்துகிறான். அரசன் எழுந்து போகிறான். அவையினர் எழுதும் அறிக்கையில் “இளவரசன் அரசனைக் கொல்லப்போவதாக மிரட்டினான்” என்றுதான் வரும். ஹாம்லெட்டுக்குச் சான்றாகத் தோன்றியது மற்றவர்களுக்கு அவன் மீதான சான்றாகிவிட்டது. அதே நஞ்சூற்றலை ஊமைக்கூத்தாகக் காட்டியபோது கிளாடியஸ் ஏன் அசையவில்லை என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். டபிள்யூ. டபிள்யூ. கிரெக் என்ற அறிஞர் 1917-இல் இதே கேள்வியைக் கேட்டு அறிஞர் உலகையே கலக்கியவர் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மாணவரின் கேள்விக்குத் திரும்பலாம். “போய்க் கொல்ல வேண்டியதுதானே?” நாடகமே இதற்குப் பதில் வைத்திருக்கிறது, அந்தப் பதிலின் பெயர் லேயர்ட்டீஸ். தந்தை பொலோனியஸ் கொல்லப்பட்டார் என்று கேட்டதும் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு அரண்மனைக் கதவை உடைக்கிறான். கோயிலுக்குள்ளேயே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிறான். மாணவர்கள் முதல் வாரத்தில் கேட்ட வீரன் இவனே. என்ன ஆனான்? கிளாடியஸ் சற்று நேரம் இதமாகப் பேசி அவனைத் தன் கைக்கத்தியாக்கிக்கொண்டான். ஹாம்லெட்டும் யோசிக்காமல் வாளைச் செலுத்தும் இடம் ஒன்று உண்டு. திரைக்குப் பின்னால் சத்தம் கேட்டதும் குத்துகிறான். செத்தது பொலோனியஸ். அதற்குச் சற்று முன்புதான், மண்டியிட்டிருந்த கிளாடியஸைப் பிரார்த்தனையில் கொன்றால் சொர்க்கம் போய்விடுவான் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறான். கிளாடியஸோ தன்னால் பிரார்த்தனை செய்ய முடியவில்லை என்று எழுகிறான். அது ஹாம்லெட்டுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அட்டவணையில் பார்வையாளர் கட்டத்துக்கும் ஹாம்லெட் கட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அப்போது விரல் வைத்துக் காட்டுங்கள்.

படம் காட்டுவதானால் முழுப் படம் வேண்டாம், ஒரே காட்சியை இரண்டு படங்களில் காட்டுங்கள். லாரன்ஸ் ஒலிவியரின் 1948 படம், மனத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவர முடியாத மனிதனின் துன்பக் கதை இது என்ற அறிவிப்போடு தொடங்குகிறது. நான் கரும்பலகையில் எழுதிய அதே வாசகம்! அதில் கடைசியில் டென்மார்க்கின் அரசனாகும் நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸ் இல்லை, ஹாம்லெட்டை வேவு பார்க்க வரும் பழைய நண்பர்கள் ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டர்னும் இல்லை. அரசியலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மனம் மட்டும்தானே. கோசின்ட்சேவின் 1964 ரஷ்யப் படத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். அங்கே கோட்டைக் கதவு சாத்தப்படும்போது இவன் எங்கே போய் யாரிடம் முறையிடுவான் என்ற கேள்விதான் எழும். குற்றவாளியே அரசன், நீதிமன்றமும் அவனுடையது. பழிவாங்கலை ‘ஒரு வகைக் காட்டு நீதி’ என்று பிரான்சிஸ் பேக்கன் எழுதியதை இந்த இடத்தில் கொடுத்தால், நாட்டு நீதி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று அவர்களே கேட்பார்கள்.

(மண்டையோட்டுக் காட்சியில் வகுப்பு சோர்ந்தால் ஒரு துணுக்கு: 1982-இல் மறைந்த பியானோ கலைஞர் ஆந்த்ரே சைகோவ்ஸ்கி தன் மண்டையோட்டை மேடையில் பயன்படுத்த ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்கு எழுதிவைத்தார். 2008-இல் டேவிட் டெனன்ட் கையில் அது செத்துப்போன அரசவைக் கோமாளி யோரிக்காக நடித்தது. இதற்குப் பிறகு யாரும் தூங்கியதில்லை.)

கடைசித் தேர்வுக்கு “ஹாம்லெட்டின் குறையை விளக்குக” என்ற கட்டுரையைக் கேட்காதீர்கள். நான் கொடுப்பது இது: சாகும்போது ஹாம்லெட் தன் கதையைச் சொல்லும்படி நண்பன் ஹொரேஷியோவிடம் கேட்டுக்கொள்கிறான். ஹொரேஷியோவின் வாக்குமூலத்தை எழுதுங்கள். அவன் கண்டது, கேட்டது மட்டும் வர வேண்டும். அட்டவணையைப் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதத் தொடங்கியதும் மூச்சு முட்டும். நடந்த சதிக்குச் சான்று நிறைய உண்டு. ஹாம்லெட்டைக் கொல்ல இங்கிலாந்துக்கு அனுப்பிய ஆணை ஹொரேஷியோவின் கையில் இருக்கிறது. “அரசன்தான் காரணம்” என்று லேயர்ட்டீஸ் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டான். ஆனால் முதல் கொலைக்கு? ஆவியை அவன் பார்த்தான், அது கொலையைப் பற்றிச் சொன்னதைக் கேட்கவில்லை. கிளாடியஸின் வாக்குமூலத்தின்போது அவன் அறையில் இல்லை. எலிப்பொறியின்போது அரசனின் முகத்தைக் கவனித்தான்தான், ஆனால் ஹாம்லெட் கேட்டபோதும் “நன்றாகக் கவனித்தேன்” என்றானே தவிர ‘குற்றவாளி’ என்று அவன் வாயிலிருந்து வரவே இல்லை. ஹாம்லெட் அரசனைக் குத்தியபோது அவையோர் கத்தியதும் “துரோகம்! துரோகம்!” என்றுதான்.

ஒரு மாணவன் இதை ஃபோர்ட்டின்பிராஸின் விசாரணையாகவே எழுதிக் கொடுத்தான். பழைய அரசர் நஞ்சால் இறந்தார் என்று உனக்கு யார் சொன்னார்கள்? ஹாம்லெட். ஹாம்லெட்டுக்கு யார் சொன்னார்கள்? அந்த இடத்தில் ஹொரேஷியோவின் பதிலுக்காக மூன்று வரி வெற்றிடம் விட்டிருந்தான். அதற்குக் கீழே, “அடுத்த சாட்சியைக் கூப்பிடுங்கள்” என்று புதிய அரசன் சொல்கிறான்.